சதவீதத்தை அச்சிடும்போது கேள்வியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்சம் நீளமான கடிதம். வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும், வெட்டுவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள், அது போதும்.

நாளிதழ்களில், உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 'ஆய்வில் தகவல்' என்று முடிகிற தலைப்புகள் பெருகிவிட்டன. பெண்கள் வேலைக்குப் போவது கூடிவிட்டது என்று ஒரு நாள், நம் நாட்டில் பெண்கள் வேலைக்கே போவதில்லை என்று இன்னொரு நாள். இரண்டும் அரசாங்கத்தின் அதே தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து எடுத்ததாக இருக்கும், இரண்டிலும் எண் சரியாகவும் இருக்கும். ஆனால் யாரிடம் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை நாளைக் கணக்கில் வைத்துக் கேட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது. வாசகர் தன் கட்சிக்கு எது தோதோ அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் சண்டைக்குப் போய்விடுகிறார். என் கோரிக்கை சின்னது. ஒரு சதவீதத்தை அச்சிட்டால், அது எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டு வரி போதும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பேராசிரியர் இல்லை. சமூக ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய் ஷெட்யூல், அதாவது கேள்விப் படிவம், நிரப்புகிற வேலையை வட மாவட்டங்களில் சமீப காலம் வரை செய்துகொண்டிருந்தவள். உடல்நலம், கடன், ரேஷன், குழந்தைகள் படிப்பு என்று என்னென்னவோ தலைப்புகள். டெல்லியிலும் சென்னையிலும் கருத்தரங்குகளில் திரையில் ஓடுகிற எண்கள் எல்லாம் எங்கேயோ ஒரு திண்ணையில், எங்களைப் போல ஒருத்தி கேட்க, வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு பெண் எழுந்து நின்றபடியே சொன்ன பதிலிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எண்ணை வேறு மாதிரிப் படிப்பீர்கள்.

பெண்கள் வேலை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2017ல் தொடங்கி மத்திய அரசு நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18ல் 23.3 சதவீதம். 2023-24ல் அது 41.7 சதவீதம். ஆறே வருடத்தில் இவ்வளவு பெரிய ஏற்றம். ஒரு தரப்பு இதைச் சாதனை என்கிறது, இன்னொரு தரப்பு பொய்க்கணக்கு என்கிறது. சரி, கேள்வி என்னவென்று பார்ப்போமா? கடந்த 365 நாளில் உங்கள் நேரம் பெரும்பாலும் எதில் போனது என்பது முதல் கேள்வி. வேலையில் போகவில்லை என்றால், துணை வேலையாக 30 நாளுக்குக் குறையாமல் ஏதாவது செய்தீர்களா என்பது அடுத்தது. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அவர் வேலை செய்பவர். மேலே சொன்ன 41.7 இந்தக் கணக்கில் வந்தது. இதே கணக்கெடுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று. அதில் எண் நன்றாக இறங்கிவிடும். ஏனென்றால் நடவுக்கும் களை பறிக்கவும் போகிற பெண் வருடக் கணக்கில் வந்துவிடுவார், ஆனால் நாங்கள் போய் நிற்பது அறுப்பு முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதமாக இருந்தால் வாரக் கணக்கில் வரமாட்டார். 2025லிருந்து மாதாமாதம் வெளியாகிற எண்கள் இந்த வாரக் கணக்கில் வருபவை. அதை எடுத்து முந்தைய ஆண்டறிக்கையின் வருடக் கணக்கோடு ஒப்பிட்டு 'பெண்கள் வேலைவாய்ப்பு சரிந்தது' என்று எழுதினால் அது செய்தியே இல்லை.

இதற்கு மேல் இன்னொரு விஷயம், எதை வேலை என்று எண்ணுவது. சொந்த நிலத்தில், வீட்டுச் சாப்பாட்டுக்காகவே நெல் பயிரிட்டாலும் அது இந்தக் கணக்கில் வேலை. அந்த நெல்லை வீட்டில் அவித்துக் காயவைத்துக் குத்தினால் வேலை இல்லை. வீட்டு மாட்டைப் பராமரித்துப் பால் கறந்தால் வேலை. அந்தப் பாலைத் தயிராக்கி வெண்ணெய் எடுத்து வீட்டிலேயே உருக்கி வைத்தால் வேலை இல்லை. சமைப்பது, துவைப்பது, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது, எதுவும் வராது. இவற்றை மட்டும் செய்பவர்களுக்கென்று 92, 93 என்று இரண்டு குறியீட்டு எண்கள் இருக்கின்றன. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. அதோடு விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது, வீட்டுக்குத் தேவையானதைத் தைப்பது மாதிரியும் செய்தால் 93. இந்த இரண்டு எண்ணில் விழுந்தவர்கள் உழைப்பாளர் கணக்கிலேயே இல்லை. கள ஆய்வுக்குப் போகிற எங்களுக்கு இந்த இரண்டு எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வரும், அவ்வளவு பேர் அதில் விழுவார்கள்.

இந்தக் குறியீட்டைப் போடுவது யார்? ஷெட்யூலைப் பிடித்திருக்கும் ஆள். "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால், "இல்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்" என்பதுதான் பத்தில் எட்டு வீட்டில் வரும் பதில். 92 போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிச் செய்யாமல் மாடு இருக்கிறதா, யார் கறப்பது, சொசைட்டிக்கு யார் கொண்டுபோய் ஊற்றுவது, பூ கட்டுவீர்களா, கடையில் யார் உட்காருவது, நூறு நாள் வேலைக்குப் போவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அதே பெண் வருடம் முழுக்க வேலை செய்பவராக எழுந்து வருவார். அதிலும் பதில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெண்ணாகக்கூட இருக்காது. வீட்டுத் தலைவர் என்று யார் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாரோ அவர்தான் எல்லோருக்குமாகச் சொல்வார். மருமகள் உள்ளே அடுப்படியிலிருந்து "நான்தான் கறக்கிறேன்னு சொல்லுங்க" என்று குரல் கொடுத்த வீடுகளும் உண்டு, குரல் கொடுக்காத வீடுகள்தான் அதிகம்.

ஆக 23 எப்படி 41 ஆனது? பொருளாதார அறிஞர்களிடையே இன்னும் முடியாத வழக்கு இது. கூடியவர்களில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள், கூடியது பெரும்பாலும் சொந்தத் தொழில் என்ற தலைப்பின் கீழ். 2017-18ல் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தத் தலைப்பில் இருந்தார்கள், 2023-24ல் மூன்றில் இரண்டு பங்கு. சொந்தத் தொழில் என்றதும் தையல் கடை வைத்து முன்னேறிய பெண்ணின் படம் போட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள். கொரோனாவுக்குப் பிறகு வருமானம் போதாமல் நிலத்துக்கும் மாட்டுக்கும் திரும்பியவர்கள் இவர்கள் என்கிறது ஒரு தரப்பு. முன்பும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், இப்போதுதான் துருவிக் கேட்டு எண்ணுகிறார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால் இரண்டும் கலந்திருக்கிறது என்பேன், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இப்படி ஒரு விவாதம் இருக்கிறது என்பதாவது தமிழில் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வியை மாற்றினால் காட்சியே மாறும் என்பதற்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அதில் வேலைக்குப் போகிறீர்களா என்ற கேள்விக்கே முக்கியத்துவம் இல்லை. நேற்று விடியற்காலை 4 மணியிலிருந்து இன்று விடியற்காலை 4 மணி வரை அரை அரை மணி நேரமாக என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 1998-99ல் ஒரு முன்னோட்டம் நடந்தது, நாடு முழுவதற்குமாக முதலில் 2019ல், அடுத்து 2024ல். 2019ல் சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள் என்று வந்தது. 2024ல் 289, 88. இதையும் பத்திரிகைகள் போட்டன. ஆண்களும் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் பரவாயில்லையே என்று படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த 97 நிமிடம், அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிச் செய்த ஆண்கள் 26 சதவீதம்தான். பெண்களில் 81 சதவீதம். எல்லா ஆண்களுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் ஆளுக்கு 25 நிமிடம் தேறும், எல்லாப் பெண்களுக்கும் பங்கிட்டால் 240 நிமிடத்துக்கு மேல். இந்த ஒரு வரி விளக்கம் அறிக்கையிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் செய்தி வருகிறது.

வறுமைக் கணக்கிலும் இதே கதை ஒரு முறை பெரிதாக நடந்திருக்கிறது. 1993-94ல் 36 சதவீதம் என்று இருந்த வறுமை 1999-2000ல் 26 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பத்து புள்ளி. அப்புறம்தான் கவனித்தார்கள், வறுமையைக் கணக்கிட எடுக்கும் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பின் அந்தச் சுற்றில் உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்கு எவ்வளவு, கடந்த 7 நாளுக்கு எவ்வளவு என்று ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். பருப்புக்கு 7 நாளில் இவ்வளவு என்று சொன்னவர், 30 நாள் என்று அடுத்த கட்டத்துக்கு வந்ததும் மனதுக்குள் பெருக்கி ஒத்துப்போகும்படி ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். யாருக்குத்தான் தன் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கப் பிடிக்கும்? 7 நாள் என்று கேட்டால் ஆட்கள் அதிகமாகச் சொல்வார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். அந்தச் சுற்றின் எண்ணைப் பழைய சுற்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் எழுதித் தீர்த்தார்கள். 2017-18 செலவினக் கணக்கெடுப்பின் முடிவையோ தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடவே இல்லை. 2022-23ல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய் மூன்று தனி ஷெட்யூல் நிரப்பும் முறைக்கு மாறினார்கள், அதனால் அதையும் 2011-12 எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒப்பிட்டுத்தான் பாதி தலையங்கங்கள் வந்தன.

கள ஆய்வில் இன்னொரு சங்கதி, அரசுத் திட்டமே பதிலை மாற்றும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது. வீட்டு வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் என்றெல்லாம் நிபந்தனை. நல்ல திட்டம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கையில் மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வீட்டில் போய் வருமானம் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்கும்மா கேக்கறீங்க, ஆயிரம் ரூபாயை நிறுத்தறதுக்கா?" என்பார்கள். நாங்கள் அரசு ஆள் இல்லை, பல்கலைக்கழகத்துக்காக எடுக்கிறோம் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பமாட்டார்கள். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றாமல் நிற்கும் எவரும் அவர்களுக்கு அரசு ஆள்தான். வருமானம் குறைந்து வரும். கிடைக்காத வீட்டில் இன்னும் குறைத்துச் சொல்வார்கள், இதைப் பார்த்தாவது கிடைக்குமோ என்று. இந்த எண்ணை எடுத்து 'கிராமப்புற வருமானம் சரிவு' என்று யாராவது எழுதினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கட்டணமில்லாப் பேருந்துக்கும் இப்படி ஒரு எண் வருகிறது, இத்தனை கோடிப் பயணங்கள் என்று. 2021 மே மாதம் தொடங்கியதிலிருந்து வரும் எண் அது. கிழித்த சீட்டின் எண்ணிக்கை அது, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. சந்தைக்குப் பூ கொண்டுபோகும் அம்மா ஒரே நாளில் நான்கு சீட்டு வாங்குவார். அதனால் திட்டம் உதவவில்லை என்று நான் சொல்லவில்லை, உதவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இதனால் எத்தனை பெண்கள் புதிதாக வேலைக்குப் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் சீட்டை எண்ணினால் போதாது. பஸ் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது தெரிய வேண்டும், அது யாருக்கும் தெரியாது. அதனால்தான் சமூக அறிவியலில் ஒப்பிட ஆள் தேடுவார்கள். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான் இலவசம் என்பதால், டவுன் பஸ்ஸே வராத ஊர்ப் பெண்களோடு பஸ் வரும் ஊர்ப் பெண்களை ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் பஸ் வராத ஊர் ஏன் பஸ் வராத ஊராக இருக்கிறது? ரோடு மோசம், பள்ளிக்கூடம் தூரம், பக்கத்தில் கம்பெனி இல்லை, பல இடங்களில் அது காலனிப் பக்கம். ஆரம்பத்திலேயே வேறுபட்ட ஊர்கள். வெறுமனே ஒப்பிட்டால் பஸ் செய்யாததையும் பஸ் செய்ததாகக் கணக்கு வந்துவிடும். திட்டம் வருவதற்கு முன் இரண்டு வகை ஊர்களும் எப்படி இருந்தன என்ற கணக்கு கையில் இருந்தால், முன்னும் பின்னும் எவ்வளவு மாறின என்று பார்த்து ஓரளவு சரிசெய்யலாம். முன் கணக்கு எடுத்து வைக்காமலேயே திட்டத்தை அறிவிப்பது நம் அரசுகளின் பழக்கம், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

முன் கணக்கு தற்செயலாகக் கையில் இருந்ததால் உருப்படியாக முடிந்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை. 2019ல் 220 கிராமங்களில் சின்னப் பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதித்து வைத்திருந்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடின. 2021 டிசம்பரில் அதே ஊர்களுக்குப் போய் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள், 2022ல் மறுபடியும் போனார்கள். கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் செய்த ஆய்வு. இழப்பு மிகப் பெரியது, ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது முடிவைவிட அதை எடுத்த விதம். பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிக்கவில்லை, வீட்டில் வைத்துச் சோதித்தார்கள். பள்ளியில் சோதித்திருந்தால் அன்றைக்கு வராத பிள்ளை, தனியார் பள்ளியிலிருந்து மாறிய பிள்ளை, அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளை எல்லாம் விட்டுப்போயிருக்கும். படிப்பு அதிகம் போயிருக்கக்கூடியதும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

எல்லாவற்றையும் சோதனை மாதிரி நடத்திப் பார்த்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பாதி ஊருக்குக் குலுக்கல் முறையில் கொடு, பாதிக்குக் கொடுக்காதே, பிறகு ஒப்பிடு. 2019ல் பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வழிக்குத்தான். நல்ல வழி, பஸ் விஷயத்தில் நான் சொன்ன சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட முடியாது, எல்லா விளைவும் ஆய்வுக்கான பணம் தீர்வதற்குள் வந்துவிடாது. எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவைப் பெரிதாக்கியபோது வெறும் கவர்ச்சித் திட்டம் என்றார்கள். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் பிற்காலத்தில் பெற்ற பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருக்கிறது என்று நாடு தழுவிய தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது 2021ல். ஒரு தலைமுறை காத்திருந்துதான் அதைக் கண்டிருக்கிறார்கள்.

காத்திருப்பது என்றதும் எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு ஞாபகம் வருகிறது. 1916ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பிவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் இன்னும் சில ஊர்கள். 1936-37ல் வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1981ல் இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். ஒரே ஊர், ஏறக்குறைய நூறு வருடம். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில், படியாட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்கு உழைத்த ஊராகத் தொடங்குகிறது. 2008ல் படியாள் முறை கிடையாது, அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருக்கிறது, ஊர்க்காரர்கள் பிழைப்புக்கு வெளியே போகிறார்கள். இதை எந்தச் சதவீதமும் சொல்லாது. யார் யாரிடம் கைகட்டி நின்றார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பது கட்டத்தில் அடங்குகிற பதில் இல்லை. போய்த் தங்கி, பேசி, திரும்பத் திரும்பப் போனால்தான் தெரியும். ஜெயரஞ்சன் பிற்பாடு மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக வந்தார், இப்படி வயலிலிருந்து கோட்டைக்கு ஒரு வழி எப்போதாவது திறக்கத்தான் செய்கிறது.

தங்குவதிலும் சிக்கல் உண்டு. 1961-62ல் தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரகாரத்தில்தான் தங்கினார், அதனால் சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியும் வைத்தார். இன்றைக்கும் ஊருக்குள் போனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். கேள்வி கேட்கப் போன எங்களிடமே அவர்கள் ஷெட்யூல் எடுத்துவிடுவார்கள். நான் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அவர்கள் பதில் அமையும். எந்த அறிக்கையின் எந்த அடிக்குறிப்பிலும் இது வருவதில்லை, கேள்வி கேட்டவர் யார் என்று.

ஆய்வாளர்கள் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. ஒரு ஷெட்யூலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒரு நாளைக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று ஏஜென்சிகள் விரட்டும், மதியத்துக்கு மேல் ஆல மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பிக்கொள்கிற ஆட்கள் காகிதக் காலத்தில் இருந்தார்கள். இப்போது டேப்பும் இருப்பிடப் பதிவும் வந்து அது குறைந்திருக்கிறது, கூலி மட்டும் பெரிதாக மாறவில்லை. அப்புறம், ஊர் ஊராகப் போய் ஒன்றரை மணி நேரம் ஜனங்களை உட்காரவைத்து எடுத்த விஷயம் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாகி, காசு கட்டிப் படிக்கும் இதழில் போய் முடங்கும். "எங்க ஊரைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று மறுமுறை போகும்போது கேட்டால் கொடுக்க ஒரு பக்கம் தமிழ் இருக்காது. இதைப் பற்றி எங்கள் மேற்பார்வையாளர்களிடம் சொல்லிச் சலித்துவிட்டேன். ஆனால் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நாளிதழ் இல்லையா? கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு அரைப்பக்கம் விளக்கம் எழுத உங்களால் முடிகிறதே.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை, 2021ல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போய் இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படையாக வைத்து எடுக்கப்போகிறார்கள். சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கிற கணக்கெடுப்புகளில் 2017க்குப் பிறகு வந்ததாக நான் மேலே சொன்னவை, எந்த ஊரில் எத்தனை வீடு என்பதற்குப் பெரும்பாலும் 2011 பட்டியலைத்தான் நம்பியிருந்தன. முழுமையான சாதிக் கணக்கும் இதில் சேர்கிறது, 1931க்குப் பிறகு முதல் முறையாக. தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, போதிய சமகாலத் தரவு இல்லை என்பதும் முக்கியக் காரணங்களில் ஒன்று. எல்லாச் சமூகமும் எண்ணுக்குக் காத்திருக்கிறது.

ஆனால் கட்டம் எப்படி இருக்கப்போகிறது? 2011ல் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள விட்டதில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்து விழுந்தன. 1931ல் 4,147. எழுத்துப் பிழை, பட்டப்பெயர், குலம், கோத்திரம், ஊர்ப்பெயர் எல்லாம் சாதியாகிவிட்டது. அந்தச் சாதி எண்கள் இன்றுவரை வெளியாகவில்லை. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் குறையும், ஆனால் பட்டியலில் எந்தப் பெயர் தனியாக, எது எதோடு சேர்ந்து என்பதை ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பிள்ளை என்று ஒருவர் சொன்னால் எந்தப் பிள்ளை? கவுண்டர் என்று சொன்னால் எந்த மாவட்டத்து எந்தக் கவுண்டர்? சாதி மறுப்புத் திருமணம் செய்தவர் வீட்டுப் பிள்ளைக்கு எது? சாதி சொல்ல விருப்பமில்லை என்பவருக்கு ஒரு கட்டம் இருக்குமா? முடிவு வெளியான பிறகு தொலைக்காட்சியில் உட்கார்ந்து கத்துவதைவிட இதைக் கேட்பது பயனுள்ளது.

உங்கள் செய்தியாளர்களை அனுப்பி, சாதிக் கட்டத்தில் தட்டச்சு செய்ய இடமா, தேர்ந்தெடுக்கப் பட்டியலா, பட்டியல் என்றால் தமிழ்நாட்டுக்கு எத்தனை பெயர், யார் தயாரித்தது என்று கணக்கெடுப்பு ஆணையரகத்தில் கேட்டு வாங்கி, கேள்விப் படிவம் முழுவதையும் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சிடுங்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் நல்லது. முதல் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தால் மூன்றாம் பக்கத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
கள ஆய்வில் வேலை பார்த்த ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்